ஃபமிலியாஸில் தந்தைமைக் கணக்கு 0 என்று வந்தால்

வணக்கம். தாய், குழந்தை, தந்தை எனக் கருதப்படுபவர் மூவரின் டிஎன்ஏ முடிவுகளையும் ஃபமிலியாஸ் என்ற உறவுமுறைக் கணக்கீட்டு மென்பொருளில் உள்ளிட்டபோது 23 குறிப்பான்களில் (டிஎன்ஏவில் ஒப்பிடும் இடங்கள்) 22 பொருந்தியும் மொத்த எல்ஆர் (இவர் தந்தை என்றால் இந்த முடிவு வரும் வாய்ப்பு, இல்லையென்றால் வரும் வாய்ப்பைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) 0 என்று வருகிறது, இவர் தந்தை இல்லை என்று அறிக்கை எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இப்போதே எழுதிவிடாதீர்கள்.

முதலில், பொருந்தாத அந்த ஒன்றான எஃப்ஜிஏ குறிப்பானுக்கு மென்பொருள் அமைப்பில் மரபணு மாற்ற விகிதம் 0 என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த ஓரிடத்தில் விடை 0 ஆகும். எல்லாவற்றையும் பெருக்குவதால் மற்ற 22-இன் சான்றும் அதோடு போய்விடும். நீங்கள் தந்த விவரப்படி தந்தை எனக் கருதப்படுபவருக்கு அங்கே உள்ள அல்லீல்கள் (அந்த இடத்தின் வடிவங்கள், மீள்வரும் துண்டுகளின் எண்ணிக்கையால் குறிக்கப்படுபவை) 22, 25. குழந்தைக்குத் தாயிடமிருந்து வராத அல்லீல் 24. 25-இலிருந்து ஒரு படி வித்தியாசம்தான். எஸ்டிஆர் எனப்படும் இவ்வகைக் குறிப்பான்களின் மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை ஒரு படியில்தான் நடக்கின்றன, அதுவும் தந்தை வழியில் பல மடங்கு அதிகம். ஆகவே படிநிலை மாதிரியை (சிறிய படி மாற்றங்களுக்கு அதிக வாய்ப்பு தருவது) தேர்ந்தெடுத்து, ஆண், பெண் விகிதங்களைத் தனித்தனியாகக் கொடுங்கள். எல்லாக் குறிப்பானுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடுவது சரியில்லை. டிஎச்01-இல் மாற்றம் மிகக் குறைவு, எஸ்இ33-இல் அதிகம்.

அப்புறம், இதைவிட முக்கியமானது ஒன்று. அவருடைய சகோதரர் தந்தையாக இருந்தால் என்ன வரும் என்பதையும் தனி வம்சாவளியாக வரைந்து கணக்கிடுங்கள். சகோதரர்தான் தந்தை என்றால் பொதுவாக இன்னும் பல இடங்களில் பொருந்தாமல் போயிருக்கும். ஆனாலும் ஊகத்தை நம்பாமல் எண்ணைப் பாருங்கள், ஒரு குடும்பத்தின் விஷயம் இது. எல்ஆர் போதவில்லை என்றால் கூடுதல் ஆட்டோசோம் (எக்ஸ், ஒய் அல்லாத குரோமோசோம்) குறிப்பான்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். குழந்தை ஆணாக இருந்தாலும் ஒய் குரோமோசோம் குறிப்பான்களுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், உடன்பிறந்த சகோதரர்களை அவை பெரும்பாலும் பிரித்துக் காட்டாது.