வட்டத்துக்கு எந்த நிறம் பொருந்தும்?

வடிவங்களுக்கும் நிறங்களுக்கும் நம் மனத்தில் இயல்பாகவே தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் அது எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஓவியர் காண்டின்ஸ்கி 1923-இல் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, முக்கோணம் மஞ்சள், சதுரம் சிவப்பு, வட்டம் நீலம் என்ற தம் கொள்கைக்கு ஆதரவு தேடினார். பிற்காலச் சோதனைகளில் அந்த இணைகள் அப்படியே தேறவில்லை. 2015-இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வில் வட்டம் சிவப்போடும் சதுரம் நீலத்தோடும் சேர்ந்தன. முக்கோணம் மட்டும் மஞ்சளோடு நின்றது. இத்தாலியிலும் முக்கோணத்துக்கு மஞ்சளே கிடைத்தது என்பதால், அந்த ஓர் இணையில் காண்டின்ஸ்கியின் கண்ணை நான் மதிக்கிறேன்.

மற்றவற்றில், அன்றாடம் பார்க்கும் பொருள்களின் நிறமே வடிவத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்ற விளக்கம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. ஈரோட்டில் என் அக்காள் மகளிடம் வெறும் வட்டம் ஒன்றை வரைந்து கொடுத்தபோது, அவள் சற்றும் யோசிக்காமல் சிவப்புக் கிரேயானை எடுத்து, விளிம்பு தாண்டாமல் அழுத்தித் தேய்த்துவிட்டு, "குங்குமப் பொட்டுங்க மாமா" என்றாள். மஞ்சள் மண்டிக்கு அருகிலேயே வளரும் குழந்தைக்கும் வட்டம் என்றால் முதலில் தோன்றியது அம்மாவின் நெற்றிதான்.