ஏழு வயதுப் பெண்ணை விட்டுவிட்டுக் கப்பலேறியவள்

அன்புள்ள அம்மா,

நான் கரூரில் பிறந்தவள். முதல் மணவாழ்க்கை முறிந்த பிறகு வேலை தேடி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இங்கேயே ஒருவரை மணந்துகொண்டேன். அவருடைய குடும்பம் ஸ்பானிஷ் ஃபோர்க் என்ற ஊரைச் சேர்ந்தது. யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் என்ற கிறிஸ்தவ சபையை ஐஸ்லாந்தில் தழுவியவர்கள் 1855 முதல் வந்து குடியேறிய ஊர் அது. சுற்றிலும் வறண்ட மலைகள்தான், கடலே கிடையாது. ஆனாலும் அந்த முன்னோர்களின் நினைவாக 1938இல் கலங்கரை விளக்கம் போல ஒரு சின்னம் எழுப்பியிருக்கிறார்கள்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் அழைப்பேன். அவருக்கும் அந்தச் சொல் பிடித்துவிட்டது. அவருடைய கொள்ளுப்பாட்டி 1886இல் கணவருடனும் கைக்குழந்தையுடனும் ஐஸ்லாந்தின் தென்கரையிலிருந்து புறப்பட்டு வந்தவர். ‘விசுவாசத்துக்காக எல்லாவற்றையும் விட்டு வந்தவள்’ என்று இந்தக் குடும்பத்தில் எல்லோரும் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். ஆண்டுதோறும் நடக்கும் ஐஸ்லாந்து விழாவில் அத்தை அந்தக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்வார். நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

இறந்த முன்னோர்களின் பெயர்களைத் தேடிச் சேர்ப்பது இவர்களுடைய சபையில் ஒரு கடமை. குடும்ப உறவு சாவுக்குப் பிறகும் நிலைப்பதற்கு ஆலயத்தில் சடங்கு செய்கிறார்கள். அதற்குப் பெயர்கள் வேண்டும். அப்படித் தேடிக்கொண்டிருந்தபோது 1890ஆம் ஆண்டு ஐஸ்லாந்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அத்தை ஒரு வரியைப் பார்த்தார். லாண்டெய்யார் என்ற கரையோரப் பகுதியில் ஒரு பண்ணை வீடு. அங்கிருப்பவர்களின் பட்டியலில் கடைசியாக ஒரு பெண், வயது 11. தந்தை பெயரோடு ‘டோட்டிர்’ (மகள்) என்று முடியும் அந்தப் பெயர், கொள்ளுப்பாட்டியின் கணவர் பெயரோடு பொருந்துகிறது. திருச்சபைப் பதிவேட்டிலும் தேடி உறுதி செய்துகொண்டார். அவர்களுடைய மூத்த மகள்தான். ஏழு வயதில் பாட்டியிடம் விடப்பட்டவள். பாட்டி இரண்டே ஆண்டில் இறந்துவிட்டார். 1890இல் அந்தச் சிறுமியின் பெயருக்கு எதிரே ‘நிதுர்செட்னிங்கூர்’ என்று எழுதியிருக்கிறது. யாருமற்றவர்களை ஊர்ப் பணத்தில் ஏதாவது ஒரு பண்ணையில் கொண்டுபோய் வைப்பார்களாம். அப்படி வைக்கப்பட்டவள் என்று பொருள்.

அத்தை அந்தத் தாளைச் சமையலறை இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். இந்த ஆண்டு விழாவுக்குப் போகவில்லை. இரவில் தூங்குவதில்லை. “இத்தனை வருடம் நான் ஒரு கல்நெஞ்சக்காரியைப் புகழ்ந்திருக்கிறேன்” என்கிறார். நாத்தனார்களோ, அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான், இதைக் கிளறாதே என்கிறார்கள்.

இனி என் பங்கு. நான் வந்தபோது என் மகனுக்கு மூன்று வயது. விசா, வாடகை, ஷிப்ட் வேலை எல்லாவற்றையும் நினைத்து அவனை என் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். இருபத்திரண்டு மாதங்கள். அம்மா அவனை அழைத்துக்கொண்டு வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் அவன் பாட்டியின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். என்னைப் பார்க்கவே இல்லை. இப்போது அவனுக்குப் பதினாறு வயது. நன்றாகப் படிக்கிறான், நன்றாகப் பழகுகிறான். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

போன மாதம் சாப்பாட்டு மேசையில் அத்தை இந்தக் கதையைச் சொன்னார். என் மகன் கேட்டான்: “அவளுக்கு எத்தனை வயது?” அத்தை, ஏழு என்றார். “எனக்கு மூன்று” என்று சொல்லிவிட்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டான். நான் பின்னாலேயே போய், எல்லாம் உனக்காகத்தான் செய்தேன் கண்ணா என்றேன். தெரியும் என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்தப் பெண் கல்நெஞ்சக்காரியா, அம்மா? அப்படியானால் நான் யார்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, யூட்டா

ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

கொள்ளுப்பாட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உங்கள் மகனிடம் வருகிறேன். அத்தைக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கொள்ளுப்பாட்டி வாழ்ந்த ஐஸ்லாந்தில் சொந்த நிலம் இல்லாத ஏழைகள் தனியாக வாழ்வதற்கே சட்டம் எளிதில் இடம் தரவில்லை. ஆண்டுக் கூலியாக ஏதாவது ஒரு பண்ணைக்குக் கட்டுப்பட்டுத்தான் இருக்க வேண்டும். 1880களில் கடுங்குளிர் வேறு. 1882இல் தட்டம்மை பரவி எத்தனையோ குழந்தைகளைக் கொண்டுபோனது. மதத்திலும் நெருக்கடிதான். டென்மார்க்கில் 1849இலேயே வந்துவிட்ட மதச் சுதந்திரம், அதன் ஆட்சியில் இருந்த ஐஸ்லாந்துக்கு 1874இல்தான் வந்தது. அதற்கு முன்பு மார்மன்களானவர்கள் பாதிரியாரிடமும் அதிகாரிகளிடமும் நிறையப் பட்டிருக்கிறார்கள். ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வெஸ்ட்மன் தீவுகளில் கடற்பாறைகளுக்கு நடுவே அவர்கள் முழுக்குப் பெற்ற குளத்தருகே இன்று ஒரு நினைவுக்கல் இருக்கிறது. யூட்டாவுக்குப் போய்ச் சேருவது அவர்களுக்குப் பிழைப்பு மட்டுமல்ல, தேவ கட்டளை. 1854 முதல் 1914 வரை ஐஸ்லாந்திலிருந்து சுமார் நானூறு பேர் யூட்டாவுக்குப் போயிருக்கிறார்கள். அவ்வளவு சிறிய நாட்டில் இது சிறிய எண்ணிக்கை அல்ல.

இன்னொன்றையும் அத்தை என்னைவிட நன்றாக அறிவார். குடும்ப பந்தம் சாவோடு முடிவதில்லை என்று மனதார நம்பிய தாய்க்கு, மகளைப் பிரிவது கொஞ்ச காலப் பிரிவு. பணம் சேர்த்து வரவழைத்துக்கொள்ளலாம். அதுவும் கைகூடாவிட்டால் மறுமையில் சேர்ந்துகொள்ளலாம். அந்த நம்பிக்கை இல்லாமல் அவரால் கப்பலில் கால் வைத்திருக்க முடியுமா என்பதே சந்தேகம். ஆகவே கல்நெஞ்சக்காரி என்ற தீர்ப்பை நான் எழுத மாட்டேன்.

ஆனால் நாத்தனார்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. ஏழு வயதுச் சிறுமிக்கு மறுமை தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா போனாள், தம்பியோ தங்கையோ மடியில் போனது, தான் போகவில்லை என்பதுதான். பிறகு பாட்டியும் போனாள். பிறகு ஒரு புது வீடு. அந்த வீட்டுப் பட்டியலில் கடைசிப் பெயர். அந்தப் பண்ணையில் அவளை அடித்தார்களா, அரவணைத்தார்களா என்று அந்த ஒரு சொல் சொல்லாது. அப்படி வைக்கப்பட்ட பிள்ளைகளில் சொந்தப் பிள்ளை போல வளர்ந்தவர்களும் உண்டு, அரைவயிற்றோடு உழைத்தவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் அவளுடைய வலி உண்மை. தாய்க்கு வேறு வழி இல்லை என்று நாம் நிரூபித்துவிட்டால் மகளின் வலி இல்லாமல் போய்விடாது.

அத்தையின் தூக்கத்தைக் கெடுப்பது கொள்ளுப்பாட்டி செய்த காரியம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. நான்கு தலைமுறையாக அந்த வீட்டில் ஒரு குழந்தையின் பெயரையே யாரும் சொல்லவில்லை. அதுதான் அவரை உலுக்கியிருக்கிறது. ‘விசுவாசத்துக்காக எல்லாவற்றையும் விட்டு வந்தவள்’ என்ற வாக்கியத்தை மறுபடியும் படியுங்கள். அந்த ‘எல்லாவற்றையும்’ என்ற சொல்லுக்குள் ஒரு மகள் இருந்திருக்கிறாள். யாரும் பொய் சொல்லவில்லை. அவளைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார்கள்.

இப்போது, மாடியில் நீங்கள் மகனிடம் சொன்னதைப் பாருங்கள். ‘எல்லாம் உனக்காகத்தான் செய்தேன்.’ இதுவும் பொய் அல்ல. ஆனால் அதைக் கேட்கும் பிள்ளை என்ன பதில் சொல்ல முடியும்? எனக்காகச் செய்ததை எதிர்த்து எனக்கு வலித்தது என்றால் அது நன்றிகெட்ட பேச்சாகிவிடும். அதனால்தான் ‘தெரியும்’ என்று கதவைச் சாத்தினான். பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு அவன் முதல்முறையாகக் கதவைத் திறந்தான், சகோதரி; ‘எனக்கு மூன்று’ என்ற இரண்டே சொற்களில். நீங்கள் பதற்றத்தில் உங்கள் காரணத்தை உள்ளே வைத்துவிட்டீர்கள். பெற்ற மனம் அப்படித்தான் பதறும், உங்களைக் குறை சொல்லவில்லை.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இத்தகைய பிரிவுகளைத் தெளிவற்ற இழப்பு என்று அழைக்கிறார். இறந்தவருக்கு அழலாம், சடங்கு செய்யலாம். உயிரோடு எங்கோ இருக்கும் தாய்க்கு என்ன செய்வது? போனில் குரல் கேட்கிறது, மடி இல்லை. குழந்தைக்கு அது இழப்பா இல்லையா என்றே புரியாது. பெரியவர்களும் அதை இழப்பாக எண்ண மாட்டார்கள், அம்மாதான் தினமும் பேசுகிறாளே என்பார்கள். உங்கள் மகன் உங்களை இழந்தான், பிறகு உங்களிடம் வருவதற்காகத் தன் பாட்டியை இழந்தான். இரண்டாவது இழப்பைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. விமான நிலையத்தில் அவன் புடவைக்குள் முகத்தைப் புதைத்தது உங்கள்மேல் கோபத்தால் மட்டும்தானா? அந்தப் புடவையும் போய்விடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கலாம்.

அந்தச் சிறுமியின் கதையிலிருந்து உங்கள் கதை பிரிகிற இடமும் இருக்கிறது, அதையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் மகன் உங்களிடம் வந்துசேர்ந்தான், பக்கத்து அறையில் இருக்கிறான், நேருக்கு நேர் கேட்க முடிகிறது.

அத்தைக்கு நான் சொல்வது இது. அந்தத் தாளை இழுப்பறையிலிருந்து எடுக்கட்டும். அவருடைய சபை அவருக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. குடும்ப மரத்தில் அந்தச் சிறுமியின் பெயரைத் தாயின் பெயருக்குக் கீழே, முதல் பிள்ளையாக எழுதட்டும். தேடலை 1890ஓடு நிறுத்த வேண்டாம், 1901 கணக்கெடுப்பும் இருக்கிறது. அவள் வளர்ந்தாளா, மணந்தாளா, பிள்ளைகள் உண்டா என்று பார்க்கட்டும். அடுத்த ஆண்டு விழாவில் கதை சொல்ல மனம் வந்தால், அவளையும் சேர்த்துச் சொல்லட்டும். தூக்கமின்மை இன்னும் சில வாரம் தொடர்ந்தால் மருத்துவரிடம் கட்டாயம் அழைத்துப் போங்கள். எழுபதைத் தாண்டியவர்களுக்கு அது தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது.

மகனிடம் பேச ஒரு தனி நேரம் ஒதுக்காதீர்கள். பதினாறு வயதுப் பையன்கள் அதற்கு அஞ்சுவார்கள். காரில் போகும்போதோ, பாத்திரம் துடைக்கும்போதோ கேளுங்கள். “அந்த இருபத்திரண்டு மாதத்தில் உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது?” அவ்வளவுதான். எதுவும் ஞாபகமில்லை என்றால், பாட்டியிடம் கேட்போமா என்று கரூருக்கு வீடியோ அழைப்பில் பேசுங்கள். அந்த மாதங்களில் அவன் எதற்கு அழுதான், யாரைக் கேட்டான் என்பதெல்லாம் உங்கள் அம்மாவுக்குத்தான் தெரியும். நீங்களும் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பீர்கள். கேட்க முடியாமல் நெஞ்சு அடைக்கும். விசா, வாடகை, ஷிப்ட் எல்லாம் நாக்கின் நுனிக்கு வரும். அவன் பேசி முடிக்கும்வரை அவற்றை அங்கேயே வைத்திருங்கள், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்