சீரம் புரதம் டி செல்லை அடக்கியதா? கேள்வி பதில்

கேள்வி (லாஸ்பேட்டை, ஆய்வு மாணவி): அழற்சியின்போது சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீர்) கூடும் ஆல்பா-1 அமில கிளைக்கோபுரதத்தை, பெருகத் தூண்டும் பிஎச்ஏ (பைட்டோஹெமாக்ளுட்டினின்) கொடுத்த லிம்போசைட்டுகளில் (டி செல் அடங்கிய வெள்ளணுக்கள்) சேர்த்தேன். பெருக்கம் பாதியாகிவிட்டது. அடக்கியது என்று எழுதலாமா சார்?

பதில்: இப்போதைக்கு எழுதாதீர்கள். பிஎச்ஏ ஒரு லெக்டின், அதாவது சர்க்கரைச் சங்கிலியைப் பிடிக்கும் புரதம். இந்தப் புரதத்தின் எடையில் சுமார் 45 சதவீதம் சர்க்கரை. செல்லுக்குச் சேரவேண்டிய பிஎச்ஏவை இதுவே பிடித்து வைத்திருந்தாலும் பெருக்கம் குறையும்; அப்போது டி செல்லுக்குத் தூண்டுதலே எட்டவில்லை என்றுதான் பொருள். பிஎச்ஏவை மில்லிலிட்டருக்கு 1, 2.5, 5, 10 மைக்ரோகிராம் என ஏற்றிப் பாருங்கள். அளவு ஏற ஏற பெருக்கம் மீண்டால், பிஎச்ஏ பிடிபட்டது என்ற சந்தேகம் வலுக்கிறது. டி செல்லின் மேலுள்ள சிடி3, சிடி28 புரதங்களைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் பூசிய மணிகளாலும், அதாவது லெக்டின் இல்லாமலும், தூண்டுங்கள். அங்கேயும் குறைந்தால்தான் அடக்குதலைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி (கடலூர்): புரதம் எவ்வளவு சேர்ப்பது?

பதில்: ஆரோக்கியமானவர் சீரத்தில் மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 0.5 முதல் 1.2 மி.கி. இருக்கும், அழற்சியில் 2 முதல் 5 மடங்காகும். எனவே 0.25, 0.5, 1, 2 மி.கி. போதும். ஒவ்வொன்றுக்கும் ஒப்பிட, அதே எடை ஆல்புமின் (சீரத்தின் இன்னொரு புரதம்) சேர்த்த வளர்ப்புத் தட்டுக் குழிகள் கட்டாயம். வளர்ப்பு ஊடகத்தில் 10 சதவீதம் மனித சீரம் இருந்தால் அதுவே 0.05 முதல் 0.12 மி.கி. வரை கொண்டுவரும், கணக்கில் சேருங்கள்.

கேள்வி (வில்லியனூர்): செல் செத்துப்போயிருந்தால்?

பதில்: முதலில் குப்பியின் லேபிளைப் படியுங்கள். கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு கலந்திருந்தால் செல்லைக் கொல்வது அதுதான், பழி புரதத்தின் மேல் விழும். 10 கிலோடால்டனுக்கு (மூலக்கூறு எடை அலகு) குறைந்தவற்றை மட்டும் வெளியே விடும் சவ்வில், 4 டிகிரியில், கரைசலை மாற்றி மாற்றி டயாலிசிஸ் செய்து அசைடை வெளியேற்றுங்கள். புரதம் 41 முதல் 43 கிலோடால்டன் என்பதால் உள்ளேயே தங்கும். செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிப்பான் புளூ சாயத்தில் உயிருள்ள செல்களை எண்ணுங்கள். 24 மணி நேரம் கழித்துச் செல்களை இருமுறை கழுவி, புரதம் இல்லாமல் மறுபடி தூண்டுங்கள். பெருக்கம் திரும்பினால் செல்கள் சாகவில்லை என்று பொருள். செத்த செல் திரும்பாது.

கேள்வி: சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கினால் இந்தப் புரதம் போய்விடுமா?

பதில்: போகாது. அந்தச் சூடு காம்ப்ளிமென்ட்டை (செல்லைத் தாக்கக்கூடிய சீரப் புரதத் தொகுதி) முடக்கத்தான்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): கடலூரில் எடுத்த ரத்தம் புதுச்சேரி லேபுக்குப் போகிறது. புரதம் சேர்க்காத குழிகளிலேயே பெருக்கம் குறைவு.

பதில்: ஐஸில் வைத்து அனுப்பாதீர்கள், வெயிலிலும் விடாதீர்கள். ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது) குழாயை அறை வெப்பநிலையில் அனுப்பி அன்றைக்கே செல்களைப் பிரித்தெடுங்கள். தாமதமானால் கிரானுலோசைட்டுகளும் (வேறு வகை வெள்ளணுக்கள்) லிம்போசைட் அடுக்கோடு வந்துவிடும். அவையே டி செல் பெருக்கத்தைக் குறைக்கும். செல்களை அடர்த்தி வாரியாகப் பிரிக்கும் ஃபைகால் கரைசல் 18 முதல் 20 டிகிரியில் இருக்கட்டும். மே மாத வெக்கையில் ஏசி இல்லாத அறையில் அதன் அடர்த்தி குறைந்து, லிம்போசைட்டுகள் அடியில் இறங்கிவிடும். சென்ட்ரிஃப்யூஜில் 400 ஜியில் (புவியீர்ப்பின் 400 மடங்கு) 30 நிமிடம், பிரேக் போடாமல் சுற்றுங்கள்.