எதிர் வேறு, இல்லை வேறு

கேள்வி: சமூக அறிவியலிலும் கணிதத்திலும் எதிரெதிர்க் கருத்துகளுக்கு என்ன வேலை? (வாசகர், தேவகோட்டை)

பதில்: 'எதிர்' என்கிறீர்களே, அங்கேதான் வம்பு. பள்ளிக்கூடத்து எதிர்ச்சொல் பயிற்சிமேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. 'ஆதரவு'க்கு நேரே 'எதிர்ப்பு' என்று எழுதிப் பழகிய பிள்ளை, வளர்ந்து கருத்துக்கணிப்புப் படிவம் தயாரிக்கும்போதும் இரண்டே கட்டம் போடுகிறது. ஆதரிக்காதவன் எல்லாம் எதிர்க்கிறவன் ஆகிவிடுகிறான். கணக்கே கெட்டது.

உங்கள் ஊர்ப் பேரேட்டைப் பாருங்கள். பற்றில் எழுதவேண்டிய 4,700 ரூபாயை எழுதாமல் விட்டால் பற்றுக் கூட்டலையும் வரவுக் கூட்டலையும் ஒப்பிடும் ஐந்தொகையில் 4,700 இடிக்கும். அதையே வரவில் எழுதிவிட்டால் 9,400 இடிக்கும். முன்னது 'இல்லை', பின்னது 'எதிர்'. அதனால்தான் கணக்குப்பிள்ளைகள் இடிக்கிற தொகையைப் பாதியாக்கி, அந்த எண்ணைப் பேரேட்டில் தேடுவார்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை: பற்று, வரவு இரண்டையுமே பக்கம் மாற்றி எழுதியிருந்தால் ஐந்தொகை நேராகிவிடும், தப்பு வெளியே தெரியாது.

'எல்லாச் செட்டிநாட்டு வீட்டிலும் ஆத்தங்குடிக் கல்தான்' என்பதை மறுக்க, எந்த வீட்டிலும் அது இல்லை என்று காட்ட வேண்டியதில்லை. சிமெண்டுத் தரை போட்ட ஒரே ஒரு வீடு போதும். கணிதத்தில் மறுத்து நிறுவும்போது தேவைப்படுவது இந்த 'இல்லை'தான்.

அசல் எதிரைப் பார்க்க உறவுமுறைக்கு வாருங்கள். பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் மறுபக்கம். லூயி துமோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் 1953இல் எழுதிய கட்டுரையில் தென்னிந்திய உறவுச்சொற்களை இந்த இரண்டாகப் பிரித்துத்தான் விளக்கினார். மச்சானின் மச்சான் நமக்கு என்ன முறை? அண்ணன் தம்பி. கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து, அதாவது குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண், என்று கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628இல் சொன்ன அதே விதி.

ஆனால் நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார்களுக்குக் கோயில்கள் ஒன்பது; ஒவ்வொரு குடும்பமும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தது, ஒரே கோயிலார் பங்காளி. மாத்தூர்க் கோயிலாருக்கு மச்சான் வைரவன்கோயில், அந்த மச்சானுக்கு மச்சான் இளையாத்தங்குடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்தூராரும் இளையாத்தங்குடியாரும் கோயில் வழியில் பங்காளி இல்லை. உறவுமுறைப்படியோ அண்ணன் தம்பி. இரண்டு கட்டம் இருக்கிற இடத்தில்தான் எதிருக்கு எதிர் தன்னிடமே திரும்பும். ஒன்பது இருந்தால் 'வேறு' என்பதோடு சரி. பெண் பேசுகிறவர்கள் கோயிலையும் கேட்டு முறையையும் கேட்பது இதனால்தான்.