அம்மாவோட பல்லுக்கு 42,000 ரூபா சொல்றாங்க, இஎம்ஐ போட்டுடலாமா? கவர்மெண்ட்ல பார்க்க வழி இருக்கா?

நீங்க எழுதினதுல நான் புரிஞ்சுகிட்டது இதுதான். அம்மாவுக்கு ரெண்டு கடைவாய்ப் பல்லு சொத்தை, ரெண்டுக்கும் ரூட் கெனால் (பல்லைப் பிடுங்காம வேருக்குள்ள சுத்தம் பண்ணி அடைக்கிறது), மேல கேப், இன்னொரு பக்கம் ஏற்கெனவே பிடுங்கின இடத்துல பிரிட்ஜ் (பக்கத்துப் பல்லுங்களைப் பிடிச்சு நிக்கிற கட்டுப் பல்லு), எல்லாம் சேர்த்து 42,000 சொல்லியிருக்காங்க, கையில அவ்வளவு இல்லைன்னதும் 12 மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத மாசத் தவணை போட்டுக்கலாம்னு ஆதார், பான் கேட்டிருக்காங்க.

அந்த இஎம்ஐக்கு போன்ல ஓடிபி வந்தா இன்னைக்கு சொல்லிடாதீங்க, ஒரு வாரம் தள்ளிப் போடுங்க. ஏன்னு சொல்றேன், இந்த ரெண்டு பக்கமும் எங்க வீட்டுல நடந்திருக்கு.

முதல்ல எங்க அக்கா விஷயம். 3 வருஷம் முன்னாடி அவளுக்கு வலி தாங்காம பக்கத்து டவுன்ல ஒரு கிளினிக் போனோம், மொத்தம் 36,000 சொன்னாங்க, ரிசப்ஷன்ல இருந்த பொண்ணே என் போனை வாங்கி ஆப் போட்டு ஓடிபி கேட்டு பத்து நிமிஷத்துல முடிச்சிடுச்சு. மாசம் 3,000, 12 மாசம். வட்டி இல்லைன்னாங்க, ஆனா ப்ராசஸிங் பீஸ் 999, அதுக்கு 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, ஆக 1,179 முதல் மாசமே போச்சு. நான் கவனிக்காம விட்ட விஷயம் என்னன்னா, கிளினிக்குக்கு காசை ஃபைனான்ஸ் கம்பெனி முன்னாடியே குடுத்துடும், அதுக்கப்புறம் நமக்கு கடன் அந்த கம்பெனியோட, பல்லு கிளினிக்கோட. ரெண்டாவது மாசமே ரூட் கெனால் பண்ண டாக்டர் வர்றத நிறுத்திட்டாரு, அவரு வாரத்துல ரெண்டு நாள் வந்து போற டாக்டராம், நாலாவது மாசம் கிளினிக்கே வேற ஆளுக்கு கை மாறிடுச்சு. ஒரு பல்லு முடிஞ்சுது, இன்னொன்னு தற்காலிகமா அடைச்ச வெள்ளை சிமெண்டோட அப்படியே நின்னுச்சு. இஎம்ஐ மட்டும் ஒரு மாசம் கூட நிக்கல. ஒரு தடவை அக்கவுண்ட்ல காசு இல்லாம பவுன்ஸ் ஆகி அதுக்கு தனியா 590 பிடிச்சாங்க, கடனை ஒழுங்கா கட்டறோமான்னு காட்டற என் சிபில் ஸ்கோரும் அடி வாங்குச்சு. பாதியில நின்ன பல்லு கடைசில உடைஞ்சு பிடுங்க வேண்டியதாப் போச்சு, அக்கா அன்னைக்கு அழுத அழுகை இன்னும் எனக்கு மறக்கல, அவளுக்கு வயசு 34 தான்.

அதனால அடுத்த வருஷம் எங்க அம்மாவுக்கு பல்லு வலி வந்தப்ப நேரா தாலுகா ஜிஹெச்சுக்கு போனேன். எனக்கு முன்னாடி 40 பேராவது இருப்பாங்க, ஒரே டாக்டர், ஒரே சேர். அந்த மேடம் கண்ணாடியால பார்த்துட்டு தட்டிப் பார்த்துட்டு, "தம்பி, இது காப்பாத்தக்கூடிய பல்லு, பிடுங்காதீங்க. ஆனா ரூட் கெனால் பண்ண எங்கிட்ட இங்க வசதியும் இல்ல நேரமும் இல்ல"ன்னு நேர்மையா சொன்னாங்க. பிடுங்கறதுக்கு மரத்துப்போற ஊசி போட்டு பத்து இருபது நிமிஷம் போதும். ரூட் கெனால் ஒரு சிட்டிங்கே முக்கா மணி ஒரு மணி நேரம், அது மாதிரி மூணு நாலு, அப்புறம் எக்ஸ்ரே, கேப் செய்ய லேப். வாசல்ல 40 பேரு நிக்கிறப்ப ஒரு ஆளு அதை எப்படி பண்ணுவாங்க? அதனாலதான் ஏழைன்னா பல்லு பிடுங்கறதுதான் வைத்தியம்னு ஆகிப்போச்சு. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் என்னன்னா, பல் டாக்டருக்கு நம்ம நாட்டுல பஞ்சமே இல்ல, 300க்கு மேல பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, படிச்சு முடிச்ச பசங்க கிளினிக்ல சொற்ப சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்காங்க. இல்லாதது ஜிஹெச்ல போஸ்டிங்கும், பல்லு பார்க்கிற சேரும் தான். ஒரு தாலுகாவுக்கு இன்னும் ரெண்டு பேர போட்டா எத்தனை பேரு பல்லு பிழைக்கும்.

இன்சூரன்ஸையும் நம்பாதீங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெரிய ஆபரேஷனுக்கு உதவும், சொத்தைப் பல்லுக்கு உதவாது. தனியார் பாலிசி பெரும்பாலும் விபத்துல பல்லு உடைஞ்சா மட்டும்தான் பார்க்கும்.

அந்த ஜிஹெச் மேடம் தான் வழியும் சொன்னாங்க, டெண்டல் காலேஜுக்கு போங்கன்னு. கவர்மெண்ட் காலேஜ் சென்னைல ஃபோர்ட் ஸ்டேஷன் எதிர்ல இருக்கு, 1953ல ஆரம்பிச்சது. சிதம்பரத்துல ஒன்னு இருக்கு, புதுக்கோட்டைல 2023ல திறந்தாங்க. கவர்மெண்ட்ல அவ்வளவுதான், மத்ததெல்லாம் தனியார் காலேஜ், ஆனா அங்கயும் பசங்க படிக்க பேஷண்ட் வேணுங்கறதால கட்டணம் வெளிய இருக்கிறதுல ஒரு பங்குதான் வரும். நாங்க போனது ஒரு தனியார் காலேஜ். ஊர் ஊரா வந்து பேஷண்ட்ட ஏத்திட்டுப் போற அவங்க பஸ்ஸே காலைல 7 மணிக்கு எங்க ஸ்டாப்புக்கு வந்துச்சு, டிக்கெட் இல்ல.

ஸ்டூடண்ட் பண்ணுவாங்களேன்னு பயம் எனக்கும் இருந்துச்சு. அம்மாவுக்கு பண்ணது பல் டாக்டருக்கு படிச்சு முடிச்சு மேல பிஜி படிக்கிற ஒரு பொண்ணு, 26 வயசு இருக்கும். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம்னு கலர் கலரா பிடி வெச்ச மெல்லிசு ஊசிகளை எடுக்கும், ஒவ்வொன்னுலயும் குட்டி ரப்பர் வளையம் ஒன்னு இருக்கும், அதை ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல்ல வெச்சு அளந்துட்டுதான் வேருக்குள்ள விடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்தப் பொண்ணுக்கு சொல்லிக்குடுக்கிற சார் வந்து எக்ஸ்ரேவ லைட்ல பிடிச்சுப் பார்த்து, சரின்னு சொன்னாத்தான் அடுத்தது. ஒரு தடவை "இன்னும் அரை மில்லிமீட்டர் உள்ள போகணும்மா"ன்னு சொல்லி திரும்ப பண்ண வெச்சாரு, எந்த கிளினிக்ல இப்படி ரெண்டு பேரு ஒரு பல்லப் பார்ப்பாங்க? சிட்டிங்குக்கு முந்தின நாள் அந்த பொண்ணே போன் பண்ணி "அம்மா நாளைக்கு வந்துருவீங்கல்ல, மாத்திரைய நிறுத்திடாதீங்க"ன்னு கேக்கும். ரூட் கெனால், எக்ஸ்ரே, மெட்டல் கேப் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 2,600 ஆச்சு.

ஆனா ஆறு நாள் போச்சு. அம்மா பூ கட்டி விக்கிறவங்க, ஆறு நாள் வியாபாரம் போச்சு, கூடப் போக நான் ரெண்டு நாள் லீவு போட்டேன். தினக்கூலில இருக்கிற வீட்டுக்கு இந்த செலவையும் கணக்குல சேர்த்துக்கணும். அப்படியும் 42,000 வராது.

காலேஜ் ரொம்ப தூரம், போகவே முடியாதுன்னா கிளினிக்லயே பண்ணுங்க, ஆனா மொத்தத்தையும் ஒன்னா பண்ணனும்னு எந்த அவசியமும் இல்ல. எந்தப் பல்லு வலிக்குதோ அதை முதல்ல முடிங்க. ஒவ்வொரு பல்லுக்கும் ரூட் கெனாலுக்கு எவ்வளவு, கேப்புக்கு எவ்வளவு, என்ன கேப்புன்னு தனித்தனியா எழுதி வாங்குங்க. பல்லு கலர்லயே இருக்கிற ஜிர்கோனியா கேப்புதான் போடணும்னு சொன்னா, பின்னாடி இருக்கிற கடைவாய்க்கு மெட்டல் கேப்பு எவ்வளவுன்னு கேளுங்க, பேசினாலும் சிரிச்சாலும் வெளிய தெரியாத இடம், விலை பாதிக்கும் கீழ வரும். கேப்பே வேண்டாம்னு மட்டும் விட்டுடாதீங்க, ரூட் கெனால் பண்ண கடைவாய்ப் பல்லுல அடைச்ச இடத்தைச் சுத்தி கொஞ்சந்தான் பல்லு மிச்சம் இருக்கும், முறுக்கு கடிச்சா ரெண்டா பிளந்துடும். பிரிட்ஜ் வலி தர்ற விஷயம் இல்ல, அதைப் பத்தி பொங்கல் கழிச்சு கூட யோசிக்கலாம்.

அப்புறம் டாக்டர்கிட்டயே நேரா கேளுங்க, "சார், சிட்டிங்குக்கு சிட்டிங் குடுத்துடறோம்"னு. எங்க ஊர்ல பழைய டாக்டருங்க எல்லாம் இப்படித்தான் வாங்குவாங்க, இன்னைக்கும் நிறைய பேர் ஒத்துக்குவாங்க. வேலை நின்னா நம்ம காசும் அங்கயே நின்னுடும், அக்காவுக்கு இது ஒன்னு நடந்திருந்தா போதும்.

அதையும் மீறி இஎம்ஐ தான் வழின்னு ஆச்சுன்னா, நோ காஸ்ட்ங்கற வார்த்தைய அப்படியே நம்பிடாதீங்க. ரிசர்வ் பேங்க் 2013லயே பேங்குகளுக்கு சுற்றறிக்கை அனுப்பி, ஜீரோ பர்சன்ட் வட்டின்னு ஒன்னு கிடையாது, அது ப்ராசஸிங் பீஸ்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு சொல்லிடுச்சு. 2022ல வந்த டிஜிட்டல் கடன் விதிப்படி, கையெழுத்துக்கு முன்னாடியே எல்லா செலவும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை பர்சன்ட்னு ஒரு தாள்ல குடுக்கணும், வேண்டாம்னு திரும்பி வர கொஞ்சம் அவகாசமும் குடுக்கணும். அந்த தாளைக் கேட்டு வாங்கி வீட்டுல வெச்சு படிங்க. ஆப்ப உங்க கையாலயே போடுங்க, போனை அடுத்தவங்க கையில குடுக்காதீங்க. ஒரு பல்லுக்கு மட்டும் எடுங்க, 42,000க்கும் எடுக்காதீங்க.

இதுக்கெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம்னு சொன்னேன்ல, அது வலி மட்டும் இருந்தாத்தான். கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்க முடியலன்னாலோ முழுங்க கஷ்டமா இருந்தாலோ நிமிஷம் கூட யோசிக்காம பெரிய ஜிஹெச்சுக்கு ராத்திரியானாலும் தூக்கிட்டு ஓடுங்க, சீழ் கழுத்துக்கு இறங்கினா உயிருக்கே ஆபத்து.

காலேஜுக்கு போறதுன்னா ஓபி சீட்டு காலைலயே போட்டுடுங்க. சுகர், பிபி இருந்தா மாத்திரை சீட்டோட போங்க, அம்மாவ வெறும் வயித்துல கூட்டிட்டுப் போகாதீங்க, நாலு இட்லியாவது சாப்பிட வெச்சு கூட்டிட்டுப் போங்க, ஊசி போட்டப்புறம் ரெண்டு மூணு மணி நேரம் மெல்ல முடியாது. எந்த மாவட்டம்னு சொல்லுங்க, பக்கத்துல எந்த காலேஜ் இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.