கோடை வாசிப்புப் பட்டியலும் ஒரு மனுவும்

வணக்கம் சார்,

நான் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். மகன் செப்டம்பரில் ஏழாம் வகுப்புக்குப் போகிறான். பள்ளியில் கோடை விடுமுறைக்கு ஒரு வாசிப்புப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து இரண்டு புத்தகங்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும். ஒரு நாவலில் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தோழி மேல் ஈர்ப்பு வருகிறது. இன்னொன்றில் நாயகனுக்கு இரண்டு அப்பாக்கள். பெற்றோர் வாட்ஸப் குழுவில் இதே பேச்சுதான். இரண்டையும் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி முதல்வருக்கு மனு தயாராகிவிட்டது. குழுவில் வந்த சில படங்களைப் பார்த்து எனக்குத் திக்கென்றது, இணைத்திருக்கிறேன். நான் யாரையும் வெறுப்பவள் இல்லை. ஆனால் நம் பண்பாட்டில் இல்லாத ஒன்று இந்த வயதில் எதற்கு என்று தோன்றுகிறது. கையெழுத்துப் போடலாமா?

வி.

அன்புள்ள வி.,

போட வேண்டாம்.

முதலில் அந்தப் படங்கள். அவை பெரிய பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் எழுதப்பட்ட ஒரு சித்திரத் தன்வரலாற்றில் இருப்பவை. அமெரிக்க நூலகச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும், அதிக எதிர்ப்பைச் சந்தித்த புத்தகங்களின் பட்டியலில் 2021 முதல் 2023 வரை அதுதான் முதலிடம். உங்கள் மகனின் பட்டியலில் அது இல்லை. ஒரு புத்தகத்தின் பக்கத்தைக் காட்டி வேறொரு புத்தகத்துக்கு எதிராகக் கையெழுத்து வாங்குவது நியாயமே இல்லை.

2018 முதல் 2020 வரை நூலகச் சங்கத்தின் அதே பட்டியலில் முதலிடத்தில் இருந்தது அலெக்ஸ் ஜீனோ சிறுவர்களுக்காக எழுதிய ஒரு நாவல். அதில் வரும் நாலாம் வகுப்புக் குழந்தையை ஊரே பையன் என்கிறது. தான் பெண் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும். பள்ளி நாடகத்தில் சிலந்தி வேஷம் கட்ட ஆசைப்படுகிறது. அது பெண்பிள்ளைகளுக்கான வேஷம் என்று ஆசிரியை மறுத்துவிடுகிறார். நாவலின் உயிர் இந்த ஏக்கம்தான். மூன்று ஆண்டுகள் பெரியவர்கள் இவ்வளவு எதிர்த்தது இதை!

உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எதைப் படிக்கிறது என்று பார்ப்பது பெற்றவர்களின் வேலை. ஆனால் "என் மகன் படிக்க வேண்டாம்" என்பது ஒரு கோரிக்கை. "யாருமே படிக்கக் கூடாது" என்பது முற்றிலும் வேறு. மேரிலாந்து மான்ட்கோமரி மாவட்டத்தில், இதே போன்ற பாத்திரங்கள் வரும் தொடக்கப்பள்ளிக் கதைப் புத்தகங்கள் குறித்து முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 2025 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. வழக்கு முடியும்வரை, அந்தப் புத்தகங்கள் வகுப்பில் வரும்போது முன்கூட்டித் தெரிவித்து, பிள்ளைகளை விலக்கிக்கொள்ள விட வேண்டும் என்றது. அந்தப் பெற்றோர்கூடப் புத்தகங்களை அகற்றச் சொல்லிக் கேட்கவில்லை. உங்கள் மனு அவர்களைத் தாண்டிப் போகிறது. இத்தனைக்கும் உங்கள் மகனுக்கு விலக்குகூடத் தேவையில்லை, பட்டியலில் வேறு இரண்டை எடுத்துக்கொண்டால் முடிந்தது.

இன்னொன்று, நீங்கள் இருப்பது நியூ ஜெர்சி. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிப் பாடங்களில் தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பங்களிப்பும் இடம்பெற வேண்டும் என்று 2019-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. பட்டியல் போட்ட ஆசிரியர் ஏதோ சதி செய்துவிட்டதாகக் குழுவில் எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

"நம் பண்பாட்டில் இல்லாதது" என்கிறீர்கள். பாரதக் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சிகண்டியைத் தெரியும், விராட நகரத்தில் பிருகன்னளையாக நடனம் சொல்லிக்கொடுத்த அர்ச்சுனனைத் தெரியும். கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையில் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். இவையும் அந்த நாவல்களும் ஒன்றல்ல. ஆனால் நம் வீட்டுக்குள் இதுவரை வந்ததே இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. நாம் இதைப் பிள்ளைகளிடம் பேசியதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு நிஜமாகவே கவலை தருவது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊர்ப்பக்கம் ஒரு நண்பர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். அடித்தளத்தில் பெரியவர்கள் தட்டும் கையுமாக இதே விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவர் "என் பிள்ளை அப்படிச் சொன்னால் அன்றைக்கே தலை முழுகிவிடுவேன்" என்றார். சிரிப்பு எழுந்தது. தண்ணீர் பாட்டில் எடுக்க இறங்கி வந்த ஒரு பையன் பாதிப் படியில் நின்றிருந்தான். பதினான்கு வயது இருக்கலாம். கைப்பிடியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தான். பிறகு பாட்டிலை எடுக்காமலே மேலே போய்விட்டான். அவன் மனதில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியாது. வெறும் கூச்சமாகவும் இருக்கலாம். ஆனால் இத்தனை குடும்பங்கள் இருக்கும் உங்கள் குழுவில், அந்த நாவலில் தன்னைப் பார்க்கக்கூடிய ஒரு பிள்ளையாவது இருக்காதா? மனுவில் அம்மாவின் கையெழுத்தை அந்தப் பிள்ளை பார்த்தால், அப்புறம் அவளிடம் எதையாவது சொல்லுமா? வீட்டில் சொல்ல முடியாதவற்றைச் சுமந்து திரியும் பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே தீங்கு செய்துகொள்வது நம்மிடையே நடக்காத கதையா?

இந்த வாரம் நூலகத்துக்குப் போய் அந்த இரண்டு நாவல்களையும் எடுத்து வாருங்கள். முதலில் நீங்கள் படியுங்கள். பிடிக்கவில்லை என்றால் மகனிடமே காரணத்தைச் சொல்லுங்கள், அவன் என்ன நினைக்கிறான் என்றும் கேளுங்கள். வகுப்பில் யாருக்கு இரண்டு அப்பா, யாருக்கு இரண்டு அம்மா என்று அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதன் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் உங்கள் மகனுக்கு மட்டும் வேறு புத்தகம் கேட்டு ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போதும். குழுவில் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று கேட்டால், இன்னும் படித்து முடிக்கவில்லை என்று சொல்லுங்கள். மனு எழுதியவர் படித்துவிட்டாரா என்றும் கேளுங்கள்.