கதிர்வீச்சு அவசர சிகிச்சைப் பயிற்சி: எங்கே அனுப்புவது, யாரை அனுப்புவது?

கேள்வி: திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் சீனியர் நர்ஸாக இருக்கிறேன். இந்தப் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒர்க்‌ஷாப்கள் அதிகம். வெல்டிங்கைச் சோதிக்க கேமரா வைத்து ஆர்.டி. (கதிர்வீச்சால் எடுக்கும் எக்ஸ்ரே போன்ற படம்) எடுப்பார்கள். கதிர்வீச்சு விபத்து என்று ஒருவர் வந்தால் என்ன செய்வதென்று எங்களில் யாருக்கும் தெரியாது. வெளிநாட்டுப் பயிற்சிக்கு ஒரு டாக்டரை அனுப்ப நிர்வாகம் யோசிக்கிறது. எங்கே அனுப்பலாம்? என்ன கற்றுத் தருவார்கள்?

பதில்: உங்கள் வாசலுக்கு எப்படிப்பட்ட நோயாளி வருவார் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஆர்.டி. கேமராவுக்குள் இருப்பது பெரும்பாலும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள். மிகச் சிறிய உலோகத் துண்டு. 1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யனாங்கோவில் ஒரு நீர்மின் நிலைய வேலையிடத்தில், கேமராவிலிருந்து கழன்று கிடந்த இரிடியத்தை ஒரு வெல்டர் எடுத்து பேண்ட் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சில மணி நேரத்தில் தொடை வலித்தது. பார்த்த டாக்டர் பூச்சிக்கடி என்று சொல்லி அனுப்பிவிட்டார். எடுத்த ஃபிலிமில் ஒன்றும் பதியவில்லை என்று ரேடியோகிராபர் கவனித்த பிறகுதான் துண்டைத் தேட ஆரம்பித்தார்கள். கடைசியில் அந்த வெல்டரின் வலது காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

துண்டை அப்புறப்படுத்திய பின் அந்த மனிதரைத் தொடுவதால் யாருக்கும் ஆபத்தில்லை. கதிர் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். உடம்பில் கதிரியக்கப் பொருள் எதுவும் ஒட்டவில்லை. 1987இல் பிரேசிலின் கோயானியாவில் நடந்தது வேறு வகை. கைவிடப்பட்ட சிகிச்சை இயந்திரத்தை உடைத்ததில் சீசியம்-137 என்ற கதிரியக்கத் தூள் வீடு வீடாகப் பரவியது. வாந்தியும் தோல் புண்ணுமாக வந்தவர்களில் சிலரை வெப்பமண்டல நோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்த ஒரு டாக்டருக்குத்தான் கதிர்வீச்சோ என்ற சந்தேகம் வந்தது. கதிர்வீச்சை அளக்கும் கருவியை இரவல் வாங்கிப் போன இயற்பியலாளர் முள் எல்லை தாண்டி ஓடியதைப் பார்த்து, கருவிதான் பழுது என்று திரும்பிப் போய் இன்னொன்று வாங்கி வந்தார். 249 பேர் மீது மாசு இருந்தது, நான்கு பேர் இறந்தார்கள். கதிர் பட்டவர் ஒரு ரகம், கதிரியக்க மாசு ஒட்டியவர் இன்னொரு ரகம். இதைப் பிரித்தறியப் பழகினாலே கேஷுவாலிட்டியின் பயத்தில் பாதி போய்விடும்.

சரி, எங்கே அனுப்புவது? அதிகம் அறியப்பட்ட இடம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜில் உள்ள ‘ரியாக்ட்ஸ்’ மையம். 1976 முதல் இயங்குகிறது, வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். டாக்டர், நர்ஸ், பாராமெடிக்கல் ஊழியர்களுக்கான அடிப்படை வகுப்பு ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். சர்வதேச அணுசக்தி முகமை நடத்தும் பயிற்சிகளுக்கு அரசு வழியாகத்தான் பெயர் போக வேண்டும், தனியார் மருத்துவமனை நேரடியாக இடம் பிடிக்க முடியாது. ஜப்பானில் புகுஷிமாவில் 2013 முதல் அந்த முகமையின் பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. உலக சுகாதார அமைப்புக்கும் 1987 முதல் ‘ரெம்பான்’ என்ற மருத்துவ வலையமைப்பு உண்டு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அமெரிக்க சுகாதாரத் துறையின் ‘ரெம்’ இணையதளத்தைப் படித்துவிடுங்கள். காசு கிடையாது, சிகிச்சை வரிசை படிப்படியாக இருக்கிறது.

இந்த வகுப்புகளில் திரும்பத் திரும்ப மண்டையில் ஏற்றுவது ஒரே விஷயம்: உயிர் முதலில், மாசு அப்புறம். மூச்சுத் திணறுகிறவரை நிறுத்தி வைத்துவிட்டு கதிர்வீச்சு மீட்டரைத் தேடக் கூடாது. காயத்தோடு மாசும் ஒட்டியவராக ஒருவரை நடிக்க வைத்து ஒத்திகை பார்ப்பார்கள். துணியைக் கவனமாகக் கழற்றிப் பையில் கட்டினாலே வெளி மாசில் பெரும்பகுதி போய்விடும். மீதிக்கு வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் போதும். தோல் சிவக்கத் தேய்த்தால் மாசு உள்ளே போகத்தான் வழி. முறையாக கவுன், கையுறை, மாஸ்க் போட்டு வேலை செய்யும் ஊழியருக்கு நோயாளியிடமிருந்து வரும் டோஸ், அதாவது உடம்பில் படும் கதிரின் அளவு, பொதுவாக மிகக் குறைவு.

அடுத்தது டோஸை மதிப்பிடுவது. வாந்தி எப்போது தொடங்கியது என்று மணியோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். கதிர் பட்டு ஒரு மணி நேரத்துக்குள் என்றால் நிலைமை மோசமாக இருக்கலாம். தலையில் அடிபட்டவருக்கும் வாந்தி வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து லிம்போசைட் (ஒருவகை வெள்ளையணு) எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மருந்து விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அயோடின் மாத்திரை கதிரியக்க அயோடினுக்கு மட்டும்தான், இரிடியத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சீசியத்துக்கு பிரஷ்யன் புளூ, புளூட்டோனியத்துக்கு டிடிபிஏ என்று மருந்துகள் வேறு வேறு.

இனி யாரை அனுப்புவது என்ற கேள்வி. ஒரு டாக்டரை மட்டும் அனுப்பாதீர்கள் என்பது என் கருத்து. அவர் சான்றிதழை மாட்டிவிட்டு அடுத்த வருஷம் வேறு மருத்துவமனைக்குப் போய்விடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளப்போவது நீங்களும் வார்டு பாயும்தான். இரண்டு பேருக்குப் பணம் இருந்தால் ஒரு நர்ஸும், உங்கள் புற்றுநோய்ப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளர் இருந்தால் அவரும் போகட்டும். ஒருவருக்குத்தான் என்றால் நர்ஸ். திரும்பியதும் மற்றவர்களுக்கு, துப்புரவுப் பணியாளர் உட்பட, ஒத்திகை நடத்த வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

விசா வருவதற்குள் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஆர்.டி. எடுக்கும் ஒவ்வொரு நிறுவனத்திலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும், அது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. அக்கம்பக்கத்து நிறுவனங்களில் அவர்கள் யாரென்று விசாரித்து, செல் நம்பரை கேஷுவாலிட்டி சுவரில் ஒட்டுங்கள். கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டரோடு ஒருநாள் வந்து காட்டச் சொன்னால் வருவார்கள். வெல்டரோ ஹெல்பரோ காரணம் தெரியாத தீப்புண்ணோடு வந்தால், ‘பளபளன்னு ஏதாவது கீழ கிடந்து எடுத்தீங்களாண்ணே?’ என்று கேளுங்கள். சட்டை, பேண்ட் பாக்கெட்டில் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருக்கிறது என்றால் கையை விட்டு எடுத்துப் பார்க்க வேண்டாம். துணியை இடுக்கியால் கழற்றித் தொலைவில் வைத்துவிட்டு, நோயாளியோடு எல்லோரும் அங்கிருந்து விலகி, அந்த நம்பருக்குப் போன் போடுங்கள்.